‘நோவு இதியா அம்மா?’: மருந்து கொடுத்து வலி வரவைத்த என் தலைப்பிரசவம்

வியாழக்கிழமை காலையிலிருந்து அந்த ஆயம்மா என் அறைக்கு எத்தனை முறை வந்திருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. போர்வை மாற்ற வருவார், வெந்நீர் ஃபிளாஸ்க் வைக்க வருவார், சும்மா எட்டியும் பார்ப்பார். வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “நோவு இதியா அம்மா?”

எனக்குக் கன்னடம் அரைகுறைதான், ஆனால் இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் பாட்டியும் ‘பேறுகால நோவு’ என்றுதான் சொல்வார். நான் தலையை ஆட்டி “இல்ல” என்பேன். அவர் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார். முதல் நாள் மாலைக்குள் அந்தக் கேள்வி எனக்கு அழுகையை வரவைக்கத் தொடங்கிவிட்டது. மருந்து வைத்துப் பத்து மணி நேரமாகியும் வலி வரவில்லையே, என் உடம்பில் ஏதோ கோளாறா என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கோளாறு எதுவும் இல்லை. தலைப்பிரசவத்தில், கர்ப்பப்பை வாய் இன்னும் மிருதுவாகிக் கனியாமல் இருக்கும்போது மருந்து கொடுத்து வலியைத் தொடங்கினால், குழந்தை பிறக்க ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆவது சாதாரணம். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது முன்கூட்டியே எங்களுக்குப் புரியும்படி சொல்லியிருந்தால் அந்த வியாழக்கிழமை வேறு மாதிரிப் போயிருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெங்களூர் ராமமூர்த்தி நகரில். அம்மா ஜோலார்பேட்டைப் பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்களிலும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் அம்மாவோடு ஊருக்குப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் 26ஆம் வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140க்குக் கீழே இருக்க வேண்டும், எனக்கு 158. சாப்பாட்டைக் குறைத்து, நடந்து பார்த்தோம். 31ஆம் வாரத்தில் இரவு இன்சுலின் ஆரம்பித்தார்கள். மூன்று மாதமாக என்னைப் பார்த்துவரும் டாக்டரை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மாதான் இரண்டு பைகளும் ஒரு டப்பா பிரசவ லேகியமுமாக ரயிலேறிக் கன்டோன்மென்ட்டில் வந்து இறங்கினார்.

36ஆம் வாரத்தில் டாக்டர் சொன்னார்: “இன்சுலின் போடுகிறோம், குழந்தையும் நன்றாக வளர்ந்திருக்கிறது. 39 வாரம் முடிகிற வரைக்கும் பார்ப்போம். தானாக வலி வரவில்லை என்றால் நாம் தொடங்கிவிடுவோம்.”

காரணத்தைக் கேட்டேன். சர்க்கரை உள்ள தாய்க்கு, அதுவும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு, தேதி தாண்ட விட்டால் குழந்தைக்கு ஆபத்து கூடும். குழந்தை பெருத்துவிட்டால் பிறக்கும்போது தோள் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இது தெளிவான காரணம். ரத்தக் கொதிப்பு, பனிக்குடம் உடைந்தும் வலி வராமல் இருப்பது, பனிக்குட நீர் குறைவது, 41 வாரம் முடிந்தும் வலி வராமல் இருப்பது, இவையும் வழக்கமான காரணங்கள். உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரணமே இல்லாமல், அதுவும் 39 வாரம் முடியும் முன்பு, ஒரு தேதி சொல்லப்பட்டால் இரண்டாவது டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

இங்கே குடும்பத்தில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. தேதி நம் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் என் மாமியார் வேலூரிலிருந்து போன் செய்து, பஞ்சாங்கம் பார்த்து மூன்று நட்சத்திரங்களைத் தவிர்க்கச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயம் அவருக்கு. டாக்டரிடமே கேட்டுவிட்டோம். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: “மருந்து வைக்கிற நேரத்தை நீங்கள் குறிக்கலாம். பிறக்கிற நேரத்தை என்னால் தர முடியாது.” இதை அப்படியே அத்தையிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரிம்மா, அவன் விட்ட வழி” என்றார். அன்றைக்கு டாக்டர் சொன்ன பதிலின் பாதி அர்த்தம்தான் எனக்கே புரிந்தது.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. “வலி வர ஊசி போட்டா கடைசியில ஆபரேஷன்லதான் முடியும்.” பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், ஆபீஸில் சொன்னார்கள். பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கச் சிசேரியன் 21.5 சதவீதம், கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் நாடு முழுக்க 47.4. ஆனால் இதற்கெல்லாம் மருந்து வைத்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, வேறு சிக்கல் இல்லாத 6,106 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 39ஆம் வாரத்தில் மருந்து கொடுத்துத் தொடங்கினார்கள். அவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன் ஆனது. தானாக வலி வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். என்னைப் போலச் சர்க்கரை உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை, ஊரும் வேறு. ஆனாலும் ஒன்று விளங்கியது. மருந்து கொடுத்த பிறகு மருத்துவமனை எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகவே டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது இதுதான்: “எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்?” தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், வலி சூடு பிடிக்கும் முன்னாலுள்ள கட்டத்துக்கு மட்டுமே 24 மணி நேரமோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம், பனிக்குடம் உடைத்து, வலியைக் கூட்டும் மருந்தை டிரிப்பில் போட்ட பிறகும் 12 முதல் 18 மணி நேரமாவது பார்க்கலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல். எங்கள் டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார். அவர் சொன்னதை நாங்கள்தான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. ‘காத்திருப்போம்’ என்றால் நாலைந்து மணி நேரம் என்று நினைத்துக்கொண்டோம்.

38ஆம் வாரத்தில் உள்பரிசோதனை செய்தார். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, இந்த ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பிஷப் ஸ்கோர் என்று பெயர், 13க்குப் போடுவது. 8க்கு மேல் இருந்தால் உடம்பு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் வாயைக் கனியவைக்க வேண்டும். எனக்கு 3. இந்த எண்ணை நீங்களும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிரசவம் எத்தனை மணி நேரம் இழுக்கும் என்று ஓரளவு ஊகிக்க உதவுவது அதுதான்.

புறப்பட்ட அன்று ஒரு நிம்மதி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் எனக்கு ஒரே பயம், டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலில் கார் நிற்கும்போது பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது என்று. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, சாமி கும்பிட்டு, காலியான சாலையில் இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். இன்சூரன்ஸ் காகிதங்களை என் கணவர் முந்தின நாளே கொடுத்துவிட்டிருந்தார். மருந்து வைத்துத் தொடங்கும் பிரசவத்தில் அறை வாடகை ஒன்றிரண்டு நாள் கூடும். எந்த வகை அறைக்கு எவ்வளவு தருவார்கள் என்று அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதலில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் பெல்ட்டை வயிற்றில் கட்டினார்கள். சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “உங்க தாத்தா தையல் மிஷின் மிதிக்கிற சத்தம்டி” என்றார். தாத்தா எங்கள் ஊரில் தையல்காரர். அதற்கப்புறம் அந்தச் சத்தம் எனக்கு வேறு எதுவாகவும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு, கர்ப்பப்பை வாயைக் கனியவைக்கும் முதல் ஜெல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்த மெல்லிய சிரிஞ்ச், அதில் 0.5 மில்லிகிராம் மருந்து. கர்ப்பப்பை வாயில் வைத்துவிட்டு அரை மணி நேரம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். பெரிய வலி ஒன்றும் இல்லை, சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். நானும் கணவரும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றுமே நடக்கவில்லை. வேலூரிலிருந்து போன், ஜோலார்பேட்டையிலிருந்து போன், என் தம்பி ஓசூரிலிருந்து மெசேஜ். எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஆயம்மாவுக்கும் அதே கேள்வி.

மூன்றரை மணிக்கு இரண்டாவது ஜெல். ஒரு ஜெல்லுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையே அப்போதுதான் நர்ஸ் சொன்னார். மாலை மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் பிடித்துப் பிடித்து விட்டது. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஃபிளாஸ்க் வெந்நீரில் சீரகம் போட்டுக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் சீரகத் தண்ணீருக்கு அடங்கிவிடும், மெய்யான வலி என்றால் கூடும் என்பது அம்மாவின் கணக்கு. (குடிக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தேன்.) அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் டம்ளரைக் கழுவிவைத்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

இப்போது யோசித்தால், அந்தப் பகல் முழுவதும் நான் தூங்கியிருக்க வேண்டும். ஜெல் வைத்த நாள் ஓய்வு எடுக்கிற நாள். சாப்பிடவும் வேண்டும். எனக்கு அன்று சாப்பாட்டுக்குத் தடை இல்லை. தயிர்சாதம் வந்தது, நான்தான் பயத்தில் இரண்டு வாய்க்கு மேல் இறக்கவில்லை. மறுநாள் டிரிப் போட்ட பிறகு பசி வந்தது, ஆனால் தண்ணீரும் இளநீரும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு அனுமதி இருக்கும்போது வயிறார சாப்பிடுங்கள். போன் விஷயத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: ஒருவர் மட்டும் பேசட்டும், மற்ற எல்லோரும் அவரிடம் கேட்கட்டும். எங்கள் வீட்டில் அன்றிரவுதான் என் கணவர் என் போனை வாங்கி அணைத்தார்.

இரவு ஒன்பதரைக்கு ஒரு டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது, களைத்த முகம். என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உள்பரிசோதனை செய்தார். எனக்கு உயிர் போகிற வலி. “ஒரு விரல்தான் திறந்திருக்கு” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று மறுநாள் தோன்றியது. அடுத்து வந்தவர்களிடம் “சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நான் மூச்சை விட்டுக்கொள்கிறேன், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்” என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது பரிசோதனை செய்தால் வலி பாதியாகக் குறைகிறது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் இரவுப் பணியில் இருந்த மலையாள நர்ஸ் ஒருவர். “சேச்சி, மூச்சு விடுங்க, காலை இறுக்காதீங்க” என்று என் முழங்காலில் கைவைத்துச் சொன்னார்.

அதற்கப்புறம் பலூன். சிறுநீர் வடிக்கப் போடும் அதே ரப்பர் குழாய்தான். நுனியில் உள்ள பலூனைக் கர்ப்பப்பை வாய்க்கு உள்பக்கமாக வைத்து உப்புநீர் ஏற்றுவார்கள். அது வாயை உள்ளிருந்து அழுத்தித் திறக்கும். குழாயின் மறுமுனையைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள். நடக்கலாம், கழிவறைக்குப் போகலாம். ஆனால் நடக்கும்போதெல்லாம் எதுவோ தொங்குகிற உணர்வு. அந்த இரவு விட்டுவிட்டு வலித்தது. அம்மா என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே தூங்கிப்போனார். கை மட்டும் விலகவில்லை.

அதிகாலை நாலு மணிக்குக் கழிவறையில் அந்தப் பலூன் தானாகக் கழன்று விழுந்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ரத்தக்கோடுகளோடு டைல்ஸ் தரையில் கிடந்தது. என்னமோ ஆகிவிட்டது என்று நான் கத்திவிட்டேன். ஆயம்மாதான் ஓடிவந்தார். கீழே பார்த்தார், பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். பலூன் விழுந்தால் வாய் மூன்று செ.மீ. அளவுக்குத் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் அதை வைத்ததே. இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

ஆயம்மா தரையைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவருக்கு மூன்று ஹெரிகே, மூன்றும் வீட்டில். ஹெரிகே என்றால் பிரசவம். நம் ‘பேறு’தான் அது. நம் பால் அவர்களுக்கு ஹாலு, நம் பூ ஹூவு. “ஸ்வல்ப தாளம்மா” என்றார். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று. தாளவில்லை, தாள முடியவில்லை என்று நாமும் சொல்கிற அதே தாளு. அந்த நேரத்தில், தெரியாத ஊரில் படுத்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் டிரிப் போட்டுவிட்டார்கள். பத்தரைக்கு ராகுகாலம் என்று அம்மாவுக்கு ஒரு திருப்தி. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் டாக்டர் பனிக்குடத்தை உடைத்தார். வெதுவெதுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அதில் வலி இல்லை. டிரிப்பில் போவது ஆக்ஸிடோசின் என்று கணவர் படித்துச் சொன்னார். அம்மா நிமிர்ந்து பார்த்தார். “மாட்டுக்குப் போடுவாங்களே, அந்த ஊசியா?”

அந்த மருந்துதான். நம் உடம்பிலேயே சுரப்பது. கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பதும் மார்பில் பாலை இறங்கவைப்பதும் இதன் வேலை. 1953இல் வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார், 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பால் கறக்க மாடுகளுக்கு இதைத் தவறாகப் போடுகிறார்கள் என்று 2018இல் மத்திய அரசு தனியார் கம்பெனிகள் இதைத் தயாரிக்கக் கூடாது, பெங்களூரில் உள்ள கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் மட்டும் தயாரிக்கட்டும் என்று உத்தரவு போட்டது. அந்த வருடம் டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடக் கூடாதே! இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “அப்போ அளவா குடுக்கச் சொல்லு” என்றார். அதுதான் முக்கியம். என் டிரிப் ஒரு பம்பு வழியாகச் சொட்டு சொட்டாகப் போனது, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கூட்டினார்கள், துடிப்பு பெல்ட் கழலவே இல்லை. பம்பும் பெல்ட்டும் இல்லாத இடத்தில், ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று போடும் வலி ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று: முன்னால் சிசேரியன் ஆனவர்கள் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுங்கள். வலி வரவைக்கக் கொடுக்கும் மாத்திரையை உங்களுக்குக் கொடுத்தால் பழைய தையல் விட்டுக் கர்ப்பப்பையே கிழியும் ஆபத்து இருக்கிறது.

பதினொன்றரை வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு மேல் பேச்சு நின்றுவிட்டது. தானாக வரும் வலி படிப்படியாக ஏறும் என்பார்கள், எனக்கு அப்படி இல்லை. ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது. முதுகுத்தண்டின் அடியில் யாரோ கடப்பாரை போட்டு நெம்புவது போல. ஆயம்மா கதவருகே வந்து நின்றார். இந்த முறை கேட்கவில்லை.

எபிடூரல், அதாவது வலியை மரத்துப்போகவைக்க முதுகில் போடும் ஊசி, வேண்டும் என்று நாங்கள் முன்பே பேசிவைத்திருந்தோம். மயக்க மருந்து டாக்டர் எந்நேரமும் இருப்பாரா, கூப்பிட்டால் வருகிறவரா, தனியாக எவ்வளவு பணம் என்று 36ஆம் வாரத்திலேயே கேட்டிருந்தோம். வலியில் புரளும்போது இதையெல்லாம் கேட்க முடியாது. முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று பலர் பயமுறுத்துவார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், வருடக்கணக்கில் வரும் முதுகுவலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. “பூனை மாதிரி முதுகை வளைங்க, அசையாதீங்க” என்றார்கள். ஒரு வலி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன், நர்ஸின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு. இருபது நிமிடத்தில் கால்கள் மரத்தன. அப்போதுதான் 30 மணி நேரத்தில் முதல் முறையாகத் தூங்கினேன்.

தையல் மிஷின் சத்தம் மாறியதுதான் என்னை எழுப்பியது. மிதிக்கிறவர் களைத்துப்போனது போல மெதுவாக, இன்னும் மெதுவாக. திரையில் 140 இருந்த இடத்தில் 80. வயிற்றிலிருக்கும் குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் என்னை இடப்பக்கம் திருப்பினார், ஒருவர் பம்பை நிறுத்தினார், ஒருவர் சலைனை வேகமாக விட்டார். என் கணவர் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். அம்மா வெளியே இருந்தார், நல்லவேளை. சுருக்கங்கள் பத்து நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் வந்துவிட்டன, குழந்தைக்கு இடையில் ஓய்வு கிடைக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். “டிரிப்பை நிறுத்தியாச்சு. இந்த மருந்து சில நிமிஷத்தில் உடம்பிலிருந்து போய்விடும். பாருங்கள்.” நான் அந்த எண்ணையே பார்த்தேன். 85. 96. 110. 132. தாத்தா மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

அரை மணி நேரம் விட்டு, பாதி அளவில் டிரிப்பை மறுபடி தொடங்கினார்கள். விரல் நுனியில் மணிக்கொருமுறை சர்க்கரை பார்த்தார்கள். ஏழு மணிக்குக் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்துவிட்டது, பத்து செ.மீ. முக்கச் சொன்னபோது எனக்கு எங்கே முக்குவது என்றே தெரியவில்லை, மருந்தால் உணர்வு மங்கியிருந்தது. மலையாள நர்ஸ் அன்றும் பணியில் இருந்தார். வயிற்றில் என் கையை வைத்து, இறுகும்போது சொன்னார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. தலை வந்ததும் டாக்டர் ஒரு விநாடி நிறுத்தச் சொல்லி, கழுத்தைச் சுற்றியிருந்த கொடியை விரலால் தூக்கி விலக்கினார். இரவு 8.42. ஆயம்மாதான் முதலில் சொன்னார்: “ஹெண்ணு மகு!”

ஈரத்தோடு என் நெஞ்சின்மேல் போட்டார்கள். கொடி துடிப்பு அடங்கும்வரை வெட்டவில்லை. 3.1 கிலோ. என் இன்சுலின் காரணமாகக் குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், அதற்கு முன்னால் சீம்பால் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தேன். சர்க்கரை சரியாகவே இருந்தது.

மாலை போட்டுப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எண்ணெயில் முகம் பார்க்கிற சடங்கெல்லாம் உண்டு. கழுத்தில் கொடி சுற்றிப் பிறப்பது தினமும் பார்க்கிற விஷயம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொன்னேன். தம்பி ஓசூரிலிருந்து நள்ளிரவில் பைக்கில் வந்து நேராகக் குழந்தையைத் தூக்கினான், சடங்கு எதற்கும் அவன் நிற்கவில்லை. அத்தைக்குக் கணவர் போன் செய்தார். நட்சத்திரம் கேட்பார் என்று நினைத்தேன். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? அவ சாப்பிட்டாளா?” என்றுதான் கேட்டார். நான் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன், ரசம் சாதம், இரண்டு தட்டு.

பிரசவத்தின்போது போட்ட தையல் ஆற இரண்டு வாரம் ஆனது. உட்காரும்போதுதான் வலி. அம்மா லேகியம் கொடுக்கத் தயாராக நின்றார், ஆனால் அதில் பாதி கருப்பட்டி. பூண்டும் பெருங்காயமும் போட்ட பத்தியக் குழம்புக்குச் சம்மதித்தேன், லேகியத்தைத் தள்ளிவைத்தோம். பிறப்பைப் பதிய 21 நாட்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை. விடுப்பு மொத்தம் 26 வாரம், பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். தேதி தெரிந்திருந்ததால் நான் முன்னால் ஒரு வாரம் மட்டும் எடுத்தேன், மிச்சம் முழுவதும் குழந்தையோடு.

பிரசவத்தோடு என் சர்க்கரை போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம், அதனால் ஆறு வாரம் கழித்து மறுபடி அதே 75 கிராம் பரிசோதனை செய்ய வேண்டும். பிள்ளையைக் கவனிக்கிற அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நானும் அம்மாவும் குழந்தையோடு போனோம். குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது ஆயம்மா எங்களைப் பார்த்துவிட்டார். கேட்காமலேயே குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த வராந்தாவிலேயே நடந்தார். ரத்தம் எடுக்க என்னைக் கூப்பிட்டபோது குழந்தை அவர் தோளில் தூங்கியிருந்தாள்.

மதியம் ரிசல்ட் வந்தது, 118. அடுத்த பரிசோதனை ஒரு வருடம் கழித்து. சமையலறைக் காலண்டரில் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.